மணப்பெண் அலங்காரம்: கூலியும் செலவும் தொழுகையும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னவர்களின் குடும்பத்தார், தோழர்கள் யாவர் மீதும் உண்டாவதாக!

சென்ற ஆண்டு கடலோர ஊர் ஒன்றில் நிக்காஹ் ஓதிவைக்க நாம் அழைக்கப்பட்டிருந்தோம். மஃரிபுக்குப் பின் நிக்காஹ். மாலை ஐந்து மணியளவில் மண்டபத்தில் அமர்ந்து நாம் தஃப்தர் எழுதிக்கொண்டிருந்தபோது, மணப்பெண்ணின் தம்பி, பத்து வயதுச் சிறுவன், மூச்சிரைக்க ஓடிவந்து நின்றான்.

"ஹஜ்ரத், ராத்தா இன்னும் அஸர் தொழல. முகத்தைக் கழுவினா மேக்கப் எல்லாம் போயிடுமாம். முப்பத்தஞ்சாயிரம் ரூபாயாம். தயம்மும் செஞ்சுக்கலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

அப்போதுதான் தஃப்தரில் மஹர் தொகையை எழுதி முடித்திருந்தோம். பதினைந்தாயிரம் ரூபாய்.

தயம்மும் கூடாது, ஒளுச் செய்தே தொழ வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். பின்னால் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டோம். பெண் எழுந்திருக்கிறாள். சுற்றியிருந்த உறவுக்காரப் பெண்கள் விடவில்லை. 'நாளைக்குக் களாச் செய்துகொள்ளலாம், இப்போது உட்கார்' என்று கையைப் பிடித்து அமர்த்திவிட்டார்கள். அஸர் போயிற்று. மஃரிபும் போயிற்று. இரவு விருந்தெல்லாம் முடிந்தபின் பெண்ணின் தந்தை நம்மைத் தனியே அழைத்து, மேக்கப் கூலியில் ஐயாயிரம் குறைகிறது, ஜமாஅத்தில் யாரிடமாவது கைமாற்றுக் கிடைக்குமா என்று தலைகுனிந்து கேட்டார்.

அஸர்த் தொழுகை தவறிப்போனவர், தம் குடும்பத்தையும் செல்வத்தையும் பறிகொடுத்தவரைப் போன்றவர் என்னும் கருத்துப்பட நாயகமவர்கள் எச்சரித்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. புதுக் குடும்பம் ஒன்றைப் பெறுகிற அதே மாலையில் அந்தப் பெண் அஸரைப் பறிகொடுத்தாள். அவளைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவளுக்குக் கவலை இருந்தது, ஆதலால்தான் கேட்டனுப்பினாள். அந்தக் கேள்வி ஒரு மாதத்துக்கு முன் கேட்கப்பட்டிருந்தால் எளிதாகத் தீர்ந்திருக்கும். கேட்கும்முன் சொல்லித்தர வேண்டியது ஆலிம்களாகிய நம் கடமை. ஜும்ஆ மேடையில் மஹரைப் பற்றிப் பேசினோம், கைக்கூலியைப் பற்றிப் பேசினோம். மணப்பெண்ணின் அலங்காரத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இப்பாடம்.

அலங்காரம் ஆகுமானதே

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். மணப்பெண்ணை அலங்கரிப்பது மார்க்கத்தில் குற்றமன்று. அல்லாஹ் தன் அடியார்களுக்கென வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடுத்தவர் யார் என்று திருக்குர்ஆன் (7:32) கேட்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை மணவீட்டுக்கு அனுப்பும்போது, அவர்களின் தாயார் உம்மு ரூமான் (ரலி) அவர்கள் மகளின் முகத்தையும் தலையையும் தண்ணீரால் துடைத்துவிட்டு, காத்திருந்த அன்சாரிப் பெண்களிடம் ஒப்படைத்தார்கள். அப்பெண்கள் வாழ்த்துக் கூறி அலங்கரித்தார்கள் என்று புகாரியில் வருகிறது. அஸ்மா பின்த் யஸீத் (ரலி) என்னும் அன்சாரிப் பெண்மணி, அன்னையவர்களை நாயகமவர்களுக்காகத் தாம் அலங்கரித்ததைத் தாமே அறிவித்திருப்பது முஸ்னது அஹ்மதில் உள்ளது. ஆகவே மணப்பெண்ணை அலங்கரிக்கும் பெண், தகாத தொழில் செய்பவள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

கூலி வாங்குவதும் கொடுப்பதும்

பிக்ஹு நூல்களில் இப்பெண்ணுக்கு 'மஷ்ஷாத்தா' என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் மன்னர் ஔரங்கசீப் ஆலம்கீர் ஆணையால் தொகுக்கப்பட்ட 'ஃபதாவா ஆலம்கீரி' என்னும் ஹனபீ நூலில், மணப்பெண்ணை அலங்கரிக்க மஷ்ஷாத்தாவைக் கூலிக்கு அமர்த்துவது பற்றியே ஒரு மஸ்அலா வருகிறது. முன்னோர் சிலர் அந்தக் கூலியைப் பேசி வாங்காமல் அன்பளிப்பாகப் பெறுவதையே விரும்பினார்கள் என்றும், நேரமோ வேலையோ இன்னதென்று வரையறுக்கப்பட்டு, உருவங்கள் வரையாமல் அலங்கரித்தால் கூலி ஆகும், ஏனெனில் மணப்பெண்ணை அலங்கரிப்பது ஆகுமான செயல் என்றும் இரு கருத்துக்கள் அங்கே கூறப்படுகின்றன. இதிலிருந்து நாம் பெறும் பாடம், பேச்சு தெளிவாக இருக்க வேண்டும் என்பதே.

இன்று ஊர்களில் இக்கூலி சில ஆயிரங்களில் தொடங்குகிறது. பெரிய நகரங்களில் இலட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. கேட்டவுடன் 'கொள்ளை' என்று சொல்லிவிடுவது நீதியன்று. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து வெளியூர் வந்து, உதவிக்கு ஓரிரு பெண்களையும் அழைத்துவந்து, மூன்று நான்கு மணி நேரம் நின்றபடி வேலை செய்கிறார்கள். பூச்சுகளும் தூரிகைகளும் விலையுள்ளவை. கூலியை நம்பிக் குடும்பம் நடத்தும் விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் இத்தொழிலில் இருக்கிறார்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவது புகாரியில் ஹதீஸ் குத்ஸியாக வந்துள்ளது. விருந்து முடிந்தபின் 'எல்லாரும் ஒரே ஊர்தானே, இரண்டாயிரம் குறைத்துக்கொள்' என்று நெருக்குவதும் இந்த எச்சரிக்கைக்கு உட்பட்டதே. குறைக்க வேண்டுமானால் பேசும்போது குறையுங்கள். வேலை முடிந்தபின் குறைக்காதீர்கள்.

பேசும்போது கவனிக்க வேண்டியவை:

1. எந்தெந்த நாளுக்கு என்பது தெளிவாகட்டும். மருதாணி இரவு, நிக்காஹ், வலீமா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்கூலி கேட்பது வழக்கம். தலையலங்காரம், சேலை கட்டிவிடுதல், வந்துபோகும் செலவு, தங்குமிடம் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கமா, வெளியேயா என்று கேளுங்கள். முன்கூட்டி ஒருமுறை பூசிப் பார்க்கும் 'டிரையல்' என்பதற்கும் சிலர் தனியே வாங்குகிறார்கள்.

2. பூச்சுப் பொருள் யாருடையது? இது அற்பக் கேள்வியாகத் தோன்றலாம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் இதையே ஆராய்கிறார்கள். எழுதுபவரின் மை, தையற்காரரின் நூல், கண்ணுக்குச் சுர்மா இடுபவரின் சுர்மா ஆகியவை வேலை செய்பவர் மீது கடமையில்லை என்பது ஏற்றமான சொல் என்று கூறிவிட்டு, ஊர் வழக்கத்தைப் பார்க்க வேண்டும், வழக்கம் நிலையாக இல்லையெனில் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும், இல்லாவிடில் ஒப்பந்தமே பாழாகும் என்று இமாம் ராஃபிஈ (ரஹ்) அவர்கள் சரியென்று கண்டதையும் எடுத்துரைக்கிறார்கள். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் சுர்மாவுக்குச் சொன்னது இன்றைய பூச்சுக்கும் பொருந்துகிறதல்லவா?

3. எத்தனை பேருக்கு என்பதை முடிவு செய்யுங்கள். பெண்ணுக்கு மட்டும் என்று பேசிவிட்டு, அன்றைக்கு நாத்தனார், மச்சி, சின்னம்மா என்று ஆறு பேர் வரிசையில் உட்கார்ந்துவிட்டால் தொகை இரண்டு மடங்காகிவிடும். அந்தத் தந்தைக்குக் குறைந்த ஐயாயிரமும் இப்படி ஏறியதுதான்.

4. முன்பணம் வாங்குவது கூடும். ஆனால் திருமணம் நின்றுபோனாலோ நாள் மாறினாலோ, எந்த வேலையும் செய்யாமல் அம்முன்பணத்தை எடுத்துக்கொள்வது 'உர்பூன்' ஆகும். ஹனபீ, ஷாபிஈ மத்ஹபுகளில் அது கூடாது. ஹன்பலீ மத்ஹபில் இடமுண்டு. ஆகவே நாள் மாறினால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே பேசி, உண்மையாக ஏற்பட்ட செலவை இரு தரப்பும் மனமொப்பித் தீர்த்துக்கொள்வதே பேணுதல்.

5. படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட அனுமதித்தால் கூலியில் குறைப்பதாகச் சிலர் சொல்வதுண்டு. கணவனுக்காக அலங்கரிக்கப்பட்ட முகத்தை ஊர் உலகமெல்லாம் பார்க்க விடுவது அந்தக் குறைப்புக்கு நாம் கொடுக்கும் விலை. ஷரீஅத் இதற்கு இடந்தரவில்லை. 'படம் எடுக்கக் கூடாது' என்பதைப் பேச்சிலேயே ஒரு நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள். அலங்கரிப்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

யார் மீது கடமை?

இச்செலவு யாருடைய பொறுப்பு என்று கேட்டால், எவர் மீதும் கடமையில்லை என்பதே விடை. கணவன் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சத்தைக் கூறுமிடத்தில், சீப்பு, எண்ணெய், தலை கழுவும் பொருள் ஆகியவை அவன் மீது கடமை என்றும், சுர்மா, மருதாணி போன்ற அழகுப் பொருள்கள் கடமையில்லை என்றும் மின்ஹாஜில் காண்கிறோம். மனைவியானபின் கணவன் மீதே கடமையில்லாத ஒன்று, நிக்காஹுக்கு முன் பெண்ணின் தந்தை மீது எப்படிக் கடமையாகும்? 'இன்னாரை வைத்துத்தான் மேக்கப் போட வேண்டும்' என்று மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குச் சொல்லியனுப்புவது இப்போது சில ஊர்களில் நடக்கிறது. வாயால் கைக்கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இப்படி நிபந்தனை விதிப்பது, வேறு பெயரில் கைக்கூலி கேட்பதேயாகும். அவர்களுக்கு அவ்வளவு ஆசையிருந்தால் அவர்களே செலவு செய்யட்டும்.

மஹர் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். மஹர் பெண்ணின் சொத்து. அவள் மனமுவந்து செலவிட்டால் அவள் உரிமை. அவளைக் கேளாமல் உம்மாவோ வாப்பாவோ எடுத்துக் கொடுப்பது கூடாது.

ஐந்து திர்ஹம் அங்கி

இனி அளவுக்கு வருவோம். புகாரியில் ஒரு செய்தி உண்டு. அய்மன் (ரஹ்) என்பவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சென்றபோது, அன்னையவர்கள் 5 திர்ஹம் விலையுள்ள முரட்டுத் துணி அங்கி ஒன்றை அணிந்திருந்தார்கள். தம் பணிப்பெண்ணைக் காட்டி, இவள் இதை வீட்டுக்குள் உடுத்தக்கூட வெட்கப்படுகிறாள். நாயகமவர்களின் காலத்தில் இதுபோன்ற அங்கி ஒன்று நம்மிடம் இருந்தது. மதீனாவில் மணப்பெண்ணாக அலங்கரிக்கப்படும் பெண்ணெல்லாம் அதை நம்மிடம் இரவல் கேட்டு ஆளனுப்புவாள் என்று கூறினார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இதை மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குதல் என்ற பாடத்திலேயே சேர்த்திருக்கிறார்கள்.

நாயகமவர்கள் தம் மனைவியருக்கு வழங்கிய மஹர் பன்னிரண்டரை ஊக்கியா, அதாவது 500 திர்ஹம் என்று அறிவித்தவர்களும் இதே அன்னையவர்கள்தாம். இது முஸ்லிமில் உள்ளது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்ணுக்குச் சொந்தமாகும் மஹர் 500. ஊர்ப் பெண்களெல்லாம் மாறிமாறி அணிந்த மண அங்கி 5, அதுவும் இரவல். நாம் தஃப்தர் எழுதிய அந்த மண்டபத்தில் பெண்ணுக்குச் சொந்தமானது 15,000. மறுநாள் காலை முகம் கழுவினால் போய்விடுவது 35,000. கணக்கு எப்படித் தலைகீழாகிவிட்டது!

வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருக்குர்ஆன் (17:26, 27) கண்டிக்கிறது. ரஹ்மானின் நல்லடியார்கள் செலவு செய்தால் விரயமும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்யமாட்டார்கள், நடுநிலையாக இருப்பார்கள் என்றும் (25:67) கூறுகிறது. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பச் செலவிடட்டும் என்பதும் (65:7) இறைமொழியே. ஆகவே எல்லாருக்கும் ஒரே தொகையை நாம் வரையறுக்க முடியாது. ஆயினும் இரண்டு எல்லைகளைச் சொல்லலாம். நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் இதைச் செய்வது அறவே கூடாது. ஹலாலான ஓர் அலங்காரத்துக்காக ஹராமான வட்டியில் விழுவது அறிவீனம். அடுத்து, கையில் பணம் உள்ளவரும் தம் மஹல்லாவை நினைத்துப் பார்க்க வேண்டும். இருப்பவர் வீட்டு ஆசை, இல்லாதவர் வீட்டுக் கடனாக முடிகிறது. ஒரு தெருவில் ஒரு பெண்ணுக்கு ஐம்பதாயிரம் செலவிட்டால், அடுத்த வீட்டுக் குமரின் வாப்பா அன்றிரவு தூங்குவதில்லை.

அஸ்மா (ரலி) அவர்களின் அறிவிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. அலங்காரம் முடிந்தபின் நாயகமவர்கள் பால் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவரச் செய்து, தாம் பருகி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் நீட்டினார்கள். அவர்கள் வெட்கத்தால் தலைகுனிந்தார்கள். பிறகு கூடியிருந்த பெண்களுக்கும் கொடுக்கச் சொன்னபோது, எங்களுக்கு வேண்டியதில்லை என்றார்கள் அப்பெண்கள். பசியையும் பொய்யையும் ஒன்று சேர்க்காதீர்கள் என்னும் கருத்துப்பட நாயகமவர்கள் அறிவுறுத்தினார்கள். இல்லாமையையும் இருப்பதுபோன்ற நடிப்பையும் ஒருசேரச் சுமக்கும் நம் திருமண வீடுகளுக்கும் அதில் பாடமுண்டு.

ஒளுவும் தொழுகையும்

இப்போது சிறுவன் கொண்டுவந்த கேள்விக்கு வருவோம். தண்ணீர் கிடைக்காதபோதும், தண்ணீரைப் பயன்படுத்தினால் நோயோ தீங்கோ நேரும்போதும் தயம்மும் அனுமதிக்கப்பட்டது (4:43, 5:6). ஒப்பனை கலைந்துவிடும் என்பதோ, அதற்குக் கொடுத்த பணம் வீணாகும் என்பதோ தயம்முமுக்குக் காரணமாகாது. உள்ளூரில் இருக்கும் பெண், ஒப்பனைக்காக இரண்டு தொழுகைகளை ஒரு நேரத்தில் சேர்த்துத் தொழவும் நம் இரு மத்ஹபுகளிலும் இடமில்லை.

ஒளுவின் உறுப்புகளில் தண்ணீர் தோலைச் சென்றடைய வேண்டும். தண்ணீர் புகாத பூச்சும் நகப்பூச்சும் தோலையும் நகத்தையும் மூடுவதால், அவற்றை நீக்காமல் செய்யும் ஒளு நிறைவேறாது. மருதாணியின் நிறம் மட்டும் இருப்பதால் குற்றமில்லை. அதன் கட்டி ஒட்டியிருந்தால் நீக்கிவிட வேண்டும்.

வழி என்ன? ஒளுவோடு இருந்துகொண்டு பூச்சு இடுவது கூடும். அந்த ஒளு முறியாதவரை அதைக்கொண்டே தொழலாம். ஆகவே நேரத்தைத் திட்டமிடுங்கள்.

காலை நிக்காஹ் என்றால் சுபுஹு தொழுதபின் அலங்காரம் தொடங்கி, நிக்காஹ் முடிந்தபின் முகம் கழுவி லுஹர் தொழலாம். மாலை நிக்காஹ் என்றால், தலையலங்காரம், சேலை, நகை ஆகியவற்றை முதலில் முடித்துக்கொண்டு, அஸர் நேரம் வந்தவுடன் ஒளுச் செய்து தொழுதுவிட்டு, முகப்பூச்சைக் கடைசியாக வையுங்கள். அதே ஒளுவோடு மஃரிபையும் தொழுதுகொள்ளலாம். இடையில் ஒளு முறிந்துவிட்டால் கழுவத்தான் வேண்டும். மீண்டும் இலேசாகப் பூசிவிட ஒரு தொகையையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். விருந்து முடிந்து வீடு சேர்ந்ததும் முகம் கழுவி இஷாவைத் தொழலாம். மாதவிடாய் நாளாக இருந்தால் தொழுகை இல்லையாதலால் இக்கேள்வி எழாது. நாள் குறிக்கும்போதே தொழுகை நேரத்தைப் பார்த்து நிக்காஹ் நேரத்தை வைப்பது எல்லாவற்றிலும் இலேசு.

விலக்கப்பட்டவை

நோயால் தலைமுடி உதிர்ந்துபோன தம் மகளுக்குத் திருமணமாகியிருக்க, முடியை ஒட்டவைக்கலாமா என்று ஓர் அன்சாரிப் பெண் கேட்டபோதும் நாயகமவர்கள் தடுத்துவிட்டதாகப் புகாரியில் வருகிறது. ஆகவே மனித முடியால் செய்த சவுரி மணப்பெண்ணுக்கும் கூடாது. முடியென்று மயங்க இடமில்லாத பட்டுநூல் குஞ்சம் கட்டுவதற்குத் தடையில்லை. புருவ முடியைப் பறித்து மெலியச் செய்வதும் ஹதீஸில் சபிக்கப்பட்டுள்ளது. இதில் இமாம்களிடையே சில விளக்கங்கள் இருந்தாலும் தவிர்ப்பதே பேணுதல். பணம் கொடுத்துச் சாபத்தை வாங்க வேண்டாம்.

மஹல்லாவுக்கு ஒரு வேண்டுகோள்

ஆயிஷா (ரலி) அவர்களின் அங்கி மதீனாவுக்கே பொதுவாக இருந்ததைக் கண்டோம். நம் ஜமாஅத்துகளும் பெண்களின் பொறுப்பில் நல்ல மண ஆடைகள் சிலவற்றையும் அலங்காரப் பொருள்களையும் வாங்கிவைத்து, தேவைப்படும் வீடுகளுக்கு இரவலாகக் கொடுக்கலாம். அலங்கரிக்கத் தெரிந்த பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அன்சாரிப் பெண்களைப் போல அவர்கள் கூடி ஏழைக் குமர்களை அலங்கரித்தால் அது ஒரு ஸதக்காவாகும். நிக்காஹில் சிறந்தது எளிதானதே என்பது நபிமொழியின் கருத்து (அபூதாவூத்).

அன்றிரவு குறைந்த ஐயாயிரத்தை ஜமாஅத் பெரியவர் ஒருவர் கைமாற்றாகக் கொடுத்தார். அலங்கரித்த பெண்ணின் கூலி அப்போதே தீர்க்கப்பட்டது. அவர் நம் சமூகத்தவர் அல்லர். தொழுகை பற்றிய பேச்சைக் கேட்டிருந்த அவர், புறப்படும்போது மணப்பெண்ணின் தாயாரிடம், 'நடுவில் தொழுகை நேரம் வரும் என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதற்கேற்றபடி நேரத்தை மாற்றி வைத்திருப்பேனே அம்மா' என்று வருந்தினாராம். அந்தப் பெண் இரண்டு தொழுகைகளையும் மறுநாள் களாச் செய்துவிட்டாள் என்றும் அறிந்தோம். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக!

ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லச் செலவு ஒன்றுமில்லை. வீட்டில் குமர் இருப்போர் நாள் குறிக்கும்போதே அந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். நம் பெண்மக்களின் திருமணங்களை இலேசாக்கி, அவர்கள் முகங்களை ஒளுவின் ஒளியாலும் இல்லறத்தின் மகிழ்ச்சியாலும் அழகாக்க வல்ல நாயன் அல்லாஹ் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.